இசைமேல் பேசும் குரல்: தொண்டை எது, மைக் எது, இசை எது

கணீர்க்குரல், காந்தக்குரல், கரகரத்த குரல், உருக்கும் குரல். இசையோடு கவிதை சொல்லும் ஒலிப்பதிவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த நான்கைந்து சொற்களையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சொற்களில் குறையில்லை. தமிழில் குரலுக்கு இருக்கும் சொற்கள் காதைக் கொண்டு செய்தவை. 'கணீர்' என்று சொல்லும்போதே வெண்கலம் ஒலிக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. நம் காதுக்கு வந்து சேரும் ஒலியைத் தொண்டை, ஒலிப்பதிவுக் கருவிகள், பின்னணி இசை என்று மூன்று பேர் சேர்ந்து செய்திருக்கிறார்கள். விமர்சனம் எழுதும்போது மூன்று பேரின் கூலியையும் தொண்டைக்கே கொடுத்துவிடுகிறோம். சில சமயம் மூன்று பேருக்குரிய அடியையும்.

பாட்டில் இந்தக் குழப்பம் குறைவு. பாடுபவருக்குச் சுருதியும் தாளமும் விதித்தவை, விலகினால் தெரிந்துவிடும். பேச்சுக்கு அப்படி விதி இல்லை. பேசுபவர் தன் போக்கில் பேசுகிறார், இசை தன் போக்கில் போகிறது, இரண்டும் எங்கே கைகோர்க்கின்றன என்பதைக் கேட்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கருவிகள் அதிகம் வேண்டாம். காதை மூடும் வகை ஹெட்போன் ஒன்று, ஒலிக்கோப்பை வெட்டிப் பார்க்க ஆடாசிட்டி என்ற மென்பொருள், சுருதி அளக்கப் பிராட். பிராட் என்பது ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய இலவச மென்பொருள். பேச்சொலி ஆராய்பவர்களின் அன்றாடக் கருவி. போன் ஒலிபெருக்கியில் கேட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதில் கீழ் ஒலிகள் வராது. 110 ஹெர்ட்ஸில் பேசும் குரலின் அடி ஒலி அங்கே காணாமல் போய், அதன் மடங்கொலிகளை, அதாவது 220, 330 என்று அதன் மடங்குகளில் ஒலிப்பவற்றை, வைத்து மூளை அடி ஒலியை ஊகித்துக்கொள்ளும். சுருதி சரியாகவே கேட்கும்; கனம் மட்டும் கேட்காது.

குரலைத் தனியே எடுப்பது

முதல் வேலை இது. குரல் மட்டும் உள்ள பதிவு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால், கோப்பு முழுவதையும் கேட்டு இசை இல்லாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தொடக்கத்தில் தனியாக வரும் வரி, தாளம் நிற்கும் இடைவெளி, கடைசி வரி. ஐந்து நிமிடப் பதிவில் மொத்தமாகப் பத்து நொடி தேறினாலும் போதும். பிறகு வரும் எல்லா முடிவையும் உரசிப் பார்க்க அந்தப் பத்து நொடிதான் உரைகல்.

டெமக்ஸ் போன்ற மென்பொருள்கள் குரலையும் இசையையும் பிரித்துத் தரும். சுருதியும் நேரமும் பார்க்க அவை உதவும். குரலின் தன்மையைப் பார்க்க அவற்றை நம்பக்கூடாது. 'ஸ்', 'ச' போன்ற உரசொலிகளின் ஒரு பகுதி டிரம்ஸின் சிம்பலோடு போய்விடும், மூச்சு தேய்ந்துவிடும், எதிரொலி வால் நடுவில் அறுந்துவிடும். பிரித்தெடுத்த குரலில் காற்றோட்டம் குறைவாகத் தெரிந்தால் அது பேசியவரின் இயல்பா, மென்பொருள் விழுங்கியதா என்று சொல்ல வழியில்லை. இசையோடு சேர்ந்த கோப்பை அப்படியே பிராட்டில் போடுவது இதைவிட மோசம். பேஸ் கிட்டாரின் திறந்த நான்காம் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதன் மடங்கு 82. ஆண்குரலின் அடிப்பகுதியும் அந்தப் பக்கம்தான். மென்பொருள் வரைந்து காட்டும் கோடு குரலின் கோடா, கிட்டாரின் கோடா என்றே தெரியாது.

கோப்பைத் திறந்ததும் சுருதி எல்லையைக் கைப்பட வையுங்கள். தாழ்ந்த குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், உயர்ந்த குரலுக்கு 100 முதல் 500; கத்தும் இடங்கள் இருந்தால் மேல் எல்லையை 600 வரை கொண்டுபோகலாம். இதைச் செய்யாவிட்டால் கோடு திடீரென்று ஒரு ஸ்தாயி கீழே விழும், அல்லது மேலே குதிக்கும். 210-இலிருந்து 105-க்கு ஒரே நொடியில் விழுந்த கோட்டைப் பார்த்து 'வியத்தகு இறக்கம்' என்று எழுதிவிடக்கூடாது. சரியாகப் பாதியோ இரட்டிப்போ வந்தால் முதலில் மென்பொருளைச் சந்தேகப்படுங்கள். அந்த இடத்தைக் காதால் கேளுங்கள்.

இன்னொரு பொறி, காதுக்கே வைத்தது. ஒரே வரியைச் சுழற்சியில் போட்டுப் பத்து முறை கேட்டால் அந்தப் பேச்சு பாட்டாகிவிடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தைச் சேர்ந்த டயானா டாய்ச் 1995-இல் இதைக் கவனித்தார்: ஒலியில் எந்த மாற்றமும் செய்யாமல், திரும்பத் திரும்பக் கேட்பதாலேயே ஒரு சாதாரணச் சொற்றொடர் ராகத்தோடு ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆராய்கிறவர் செய்கிற வேலையே திரும்பக் கேட்பதுதான் என்பதால் இது நம்மைத்தான் முதலில் பிடிக்கும். 'இந்த இடத்தில் பேச்சு பாடலாக மாறுகிறது' என்ற குறிப்பை முதல் இரண்டு கேட்பிலேயே எழுதுங்கள். அதற்குப் பிறகு தோன்றினால் எண்ணைப் பார்த்து உறுதி செய்யாமல் எழுதாதீர்கள்.

தாளம்: ஒரு வரியை நெருங்கிப் பார்ப்போம்

பேச்சின் வேகத்தை அளக்கச் சொற்களை எண்ணுவது தமிழுக்குப் பொருந்தாது. 'வா' என்பதும் ஒரு சொல், 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரு சொல். உயிர்களை எண்ண வேண்டும். யாப்பின் அசையைக் கொண்டும் எண்ண வேண்டாம். நிரையசைக்குள் இரண்டு உயிர் இருக்கும். வாய் எத்தனை முறை உயிரொலிக்குத் திறக்கிறதோ அத்தனை.

இதற்காகவே எழுதிய ஒரு வரி:

நேற்று வந்த மழை இன்னும் கூரையில் நிற்கிறது

நேற்–று–வந்–த–ம–ழை–இன்–னும்–கூ–ரை–யில்–நிற்–கி–ற–து. பதினைந்து உயிர். சாதாரணப் பேச்சு நொடிக்கு நான்கு முதல் ஆறு உயிர் ஓடும். ஐந்து என்று வைத்தால் இந்த வரிக்கு 3 நொடி. இசை நிமிடத்துக்கு 80 தாள அடி என்றால் ஓர் அடி 0.75 நொடி, நான்கு அடிக்கு 3 நொடி. வரி கச்சிதமாக ஓர் ஆவர்த்தனத்தில் உட்காருகிறது.

உள்ளே பாருங்கள். உயிர்கள் ஒரே சீராக 200 மில்லிநொடிக்கு ஒன்று என ஓடினால் 'மழை'யின் 'ம' 0.8 நொடியில் வரும். இரண்டாம் அடி 0.75-இல். 50 மில்லிநொடி பிந்துகிறது. 'கூரை'யின் 'கூ' 1.6-இல், மூன்றாம் அடி 1.5-இல். 100 பிந்துகிறது. 'நிற்' 2.2-இல், நான்காம் அடி 2.25-இல். இங்கே 50 முந்துகிறது. இப்படியே யாரும் பேசுவதில்லை. நெடில் நீளும், குறில் குறுகும். ஆனால் இந்தச் சீர்க்கணக்குதான் அடிக்கோடு. பேசுபவர் இதிலிருந்து எங்கே விலகினார் என்பதில்தான் அவர் கலை இருக்கிறது.

ஒருவர் 'மழை', 'கூரை', 'நிற்' மூன்றையும் அடிமேல் வைத்து அறைந்தால் அது ராப்பின் பக்கம் சாய்கிறது, மோசமாகச் செய்தால் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது போல. இன்னொருவர் மூன்றையும் அடிக்கு 60, 70 மில்லிநொடி பின்னால், ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே அளவில் பின்னால் வைத்தால் இசைமேல் சாய்ந்து உட்கார்ந்தது போல் இருக்கும். மூன்றாமவரிடம் ஒரு சொல் 40 முந்தி, அடுத்தது 120 பிந்தி, அதற்கடுத்தது சரியாக என்று இருந்தால், பெரும்பாலும் அவர் இசையைக் கேட்காமலேயே பேசியிருக்கிறார். இசை பின்னால் ஒட்டப்பட்டது. விலகலின் அளவைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். விலகல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். எட்டுப் பத்து வரிகளை அளந்தால் படம் தெளியும்.

கர்நாடக இசைக்காரர்களின் எடுப்புச் சொற்கள் இங்கே கச்சிதமாக உதவும். தாளத்தோடே தொடங்கினால் சம எடுப்பு, தாளத்துக்கு முன்பே தொடங்கினால் அதீதம், தாளம் விழுந்த பின் தொடங்கினால் அனாகதம். பேச்சுப் பதிவு ஒன்றில் எல்லா வரியும் சம எடுப்பில் இருந்தால் மூன்றாம் நிமிடத்தில் காது தூங்கிவிடும். எந்த வரிக்கு எந்த எடுப்பு என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பேசியவருக்குத் தாள உணர்வு உண்டா என்பது பத்து வரிக்குள் தெரிந்துவிடும்.

அளக்கும்போது எங்கே கோடு போடுவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு சொல் 'விழும்' கணம் அதன் மெய்யெழுத்தின் தொடக்கம் அல்ல. உயிரொலி தொடங்கும் இடத்தை ஒட்டித்தான் காது தாளத்தை வைக்கிறது. மார்ட்டன், மார்கஸ், ஃபிராங்கிஷ் என்ற பேச்சொலி ஆய்வாளர்கள் மூவரும் 1976-இல் இதை முறைப்படி விவரித்தார்கள். 'கூ'வில் இந்த வித்தியாசம் சிறிது. க் வெடித்ததும் உயிர் வந்துவிடும். 'ம'வில் வாய் மூடிய முணுமுணுப்பு முன்னால் நீளும். அதன் தொடக்கத்தில் கோடு போட்டால், சரியாக அடியில் விழுந்த 'மழை' முந்தி வந்ததாகக் கணக்குத் தப்பும். பேசுபவர் செய்யாத அவசரத்தை அவர் தலையில் கட்டுவோம்.

இடைநிறுத்தத்தை அளப்பதிலும் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மென்பொருள்களை 100 மில்லிநொடி மௌனத்தையே நிறுத்தமாக எண்ணச் சொன்னால் 'பக்கம்', 'பட்டு', 'அப்பா' எல்லாவற்றிலும் நிறுத்தம் காட்டும். இரட்டித்த வல்லினத்தில் வாய் மூடியிருக்கும் நேரமே அவ்வளவு இருக்கும். நிறுத்திப் பேசுபவரிடம் இன்னும் கூடும். 250 மில்லிநொடிக்குக் குறைந்ததை நிறுத்தமாக எண்ணாதீர்கள்.

எழுத்து வழக்கா பேச்சு வழக்கா என்பதும் தாளத்தை மாற்றும். அதே வரியை 'நேத்து வந்த மழ இன்னும் கூரையில நிக்குது' என்று சொன்னாலும் பதினைந்து உயிர்தான். ஆனால் 'கூரையில' ஓர் உயிர் கூடி, 'நிக்குது' ஓர் உயிர் குறைந்து, வினைச்சொல் 2.4 நொடிக்குத் தள்ளிப் போகிறது; நான்காம் அடிக்கு 150 மில்லிநொடி பின்னால். எழுத்து வழக்கில் அடியை முந்திய சொல், பேச்சு வழக்கில் அடிக்குப் பின்னால் தொங்குகிறது. வழக்கை மாற்றும்போது தாளத்தைத் திரும்பக் கணக்கிடாத பதிவுகளில் வரியின் கடைசிச் சொல் எப்போதும் மூச்சிரைக்க ஓடிவரும். கேட்டவுடன் தெரியும்.

சுருதி: எங்கே இறங்குகிறது

சுருதியின் ஏற்ற இறக்கத்தை ஹெர்ட்ஸில் ஒப்பிடாதீர்கள். 120-இலிருந்து 180-க்கு ஏறிய குரலும் 200-இலிருந்து 300-க்கு ஏறிய குரலும் ஏறியது ஒரே அளவு: ஏழு அரைச்சுரம் (ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு அரைச்சுரம்). ஹெர்ட்ஸில் ஒன்று 60, மற்றது 100 என்று காட்டி, உயர்ந்த குரல் அதிக உணர்ச்சியோடு பேசுவதாகப் பொய் சொல்லும். இரண்டு எண்களின் விகிதத்துக்கு இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால் அரைச்சுரம் வரும். பிராட் தானாகவே காட்டும்.

அதைவிட முக்கியமானது, வாக்கியம் முடியும் இடம். ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது, வாக்கியங்களின் உச்சம் எவ்வளவு மாறினாலும், முடிவில் குரல் இறங்கி நிற்கும் தரை அநேகமாக மாறாது. பத்து வரிகளின் கடைசி உயிரொலியை எடுத்து, அவற்றின் சுருதிகளை வரிசைப்படுத்தி நடு எண்ணைக் கண்டுபிடியுங்கள். பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் 98 ஹெர்ட்ஸ் என்றால் ஐந்து கட்டை, 104 என்றால் ஐந்தரை, 110 என்றால் ஆறு. இதைப் பின்னணி இசையின் ஆதார சட்ஜத்தோடு, அதாவது எல்லாச் சுரத்துக்கும் அடிப்படையான 'ஸ'வோடு, ஒப்பிடுங்கள். இசை ஆறு கட்டையில் நின்று, குரல் ஒவ்வொரு வரி முடிவிலும் ஐந்தரையில் இறங்கினால், வரிக்கு வரி அரைச்சுர உரசல். பேச்சு வழுக்கிக்கொண்டே போவதால் நடுவில் உரசுவதைக் காது மன்னிக்கும். முடிவில் நின்று நீட்டுவதை மன்னிக்காது. 'என்னவோ ஒட்டவில்லை' என்று கேட்பவர்கள் சொல்லும் பல பதிவுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மருந்தும் எளிது: இசையை அரைக்கட்டை இறக்குவது. குரலை ஏற்றச் சொன்னால் தரை ஏறாது, தொண்டைதான் இறுகும்.

பேச்சு எந்த இடத்தில் பாட்டாகிறது என்ற கேள்விக்கு ஒரு கைக்கணக்கு: ஓர் உயிரொலிக்குள் சுருதி அரைச்சுர எல்லைக்குள் 150 மில்லிநொடிக்கு மேல் சமமாக நின்றால் காது அதைச் சுரமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கும். அதற்குள் வழுக்கிவிட்டால் பேச்சு. 1912-இல் ஆஸ்திரிய இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க் 'பியரோ லூனேர்' படைப்பில் பேச்சுக்குச் சுரம் குறித்தபோது இதே எல்லையில்தான் நின்றார்: சுரத்தைத் தொட வேண்டும், தொட்டதும் ஏறியோ இறங்கியோ அதை விட்டுவிட வேண்டும், பாடிவிடக்கூடாது என்று முன்னுரையில் கேட்டுக்கொண்டார்.

நம்மிடம் இன்னோர் அளவுகோலும் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கண்ணிமைப்பும் கைநொடியும் அளவு என்று சொன்ன இலக்கணம் மில்லிநொடியைப் பற்றிக் கவலைப்படவில்லை, விகிதத்தைச் சொன்னது. இசைமேல் பேசும் பதிவில் அந்த விகிதத்தை அளந்து பாருங்கள். நெடில் குறிலைப்போல் இரு மடங்கு என்ற அளவைச் சுற்றியே நின்றால் பேச்சு பேச்சாக இருக்கிறது. மூன்று, நான்கு மடங்கு என்று நீண்டால் அது அளபெடையைத் தாண்டி இசையின் ஆட்சிக்குள் போய்விட்டது. குறிலும் நீண்டு 'மழை' 'மாழை' என்று கேட்டால் பேசுபவர் தாளத்தை நிரப்பச் சொல்லைப் பலி கொடுக்கிறார்.

குரலின் தன்மை: சொல்லுக்கு ஒரு சோதனை

முன்னால் சொன்ன சொற்களுக்கு வருகிறேன். 'கணீர்' என்றால் ஒலியில் என்ன? குரல்நாண்கள் சட்டென்று அழுந்த மூடிக்கொள்வதால் மேல் மடங்கொலிகளில் வலு கூடுகிறது. 3,000 ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்குச் சற்று மேலும் ஆற்றல் திரள்கிறது. மனிதக் காதுக்கு அந்தப் பகுதியில்தான் உணர்வு மிகுதி. அதனால் இசையைத் தாண்டிக் குரல் தனியாக நிற்கிறது. ஆனால் ஒலிப்பொறியாளரும் அதே 3,000 ஹெர்ட்ஸை ஈக்வலைசரில் தூக்கிவிட முடியும். இரண்டையும் பிரிக்க நான் பயன்படுத்தும் சோதனை: மூச்சைக் கேளுங்கள். தொண்டையில் பிறந்த கணீர் உயிரொலிகளில் மட்டும் இருக்கும். மூச்சை உள்ளிழுக்கும் ஒலியில் குரல்நாண் அதிர்வதில்லை, அங்கே கணீர் வர வழியில்லை. மூச்சும் கூர்மையாக, 'ட்' வெடிப்பும் கூர்மையாக, 'ச'வும் கீறுவதாக இருந்தால் பாராட்டைப் பொறியாளருக்கு அனுப்புங்கள்.

'அடிக்குரல்', 'கனத்த குரல்' என்பதில் மூன்று விஷயம் கலந்திருக்கிறது. சுருதி தாழ்ந்திருக்கலாம், அது எண்ணில் தெரியும். தொண்டைக்குழல் நீண்டு, ஃபார்மன்ட்கள், அதாவது தொண்டையும் வாயும் எதிரொலித்துப் பெருக்கும் ஒலிப்பகுதிகள், கீழே இருக்கலாம். சுருதி உயர்ந்த இடத்திலும் குரல் 'பெரிதாக' ஒலித்தால் இது. மூன்றாவது, மைக்கின் வேலை. திசை சார்ந்த மைக்கில் வாயை நெருக்கினால் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் பொங்கும். தலை சற்று விலகியதும் கனம் வடிந்துவிடும். ஒரே வரிக்குள் கனம் கூடிக் குறைந்தால், கூடவே 'ப' வரும் இடங்களில் காற்று இடித்தால், கேட்பது மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைத்தான்.

'கரகரப்பு' வாக்கிய முடிவில் வருகிறதா, நடுவில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். முடிவில் சுருதி இறங்கி, அதிர்வுகள் நொடிக்கு இருபது முதல் எழுபது என்று தனித்தனியாக எண்ணும் அளவுக்குக் குறைந்தால் அது தளர்ந்த கரகரப்பு. அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் முட்கள் இடைவெளி விட்டு நிற்பது கண்ணுக்கே தெரியும். நடுவில், உச்சத்தில், அழுத்தத்தோடு வருவது இறுகிய கரகரப்பு. தொண்டைக்குச் செலவு வைப்பது. இவை இரண்டும் அல்லாமல் மெல்லின மெய்யிலும் மூச்சிலும்கூடக் கரகரவென்று ஒரே அளவில் படிந்திருந்தால் அது பதிவில் பூசிய சிதைவு.

'கம்மிய குரல்', 'காற்றுக்குரல்' என்பதில் குரல்நாண்கள் முழுதாக மூடாமல் காற்று கசிகிறது. எந்த நேரத்தில் எந்த ஒலி எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் நிறமாலைப் படத்தில் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மடங்கொலிக் கோடுகள் மங்கி அங்கே இரைச்சல் புழுதி பரவும். பின்னணியில் ஷேக்கர் போன்ற இரைச்சல் கருவி இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த இடத்தில் கருத்துச் சொல்லாமல் விடுவதே நேர்மை.

'மூக்கால் பேசுகிறார்' என்று எழுதும் முன் ஒரு எச்சரிக்கை. பேச்சுத் தமிழில் 'அவன்', 'மரம்' போன்றவற்றின் கடைசி ன், ம் கரைந்து உயிரே மூக்கொலியாகிவிடும். அது மொழியின் இயல்பு. மெல்லினமே இல்லாத சொற்களில், 'காடு', 'பேசு', 'தெருவில்' போன்றவற்றில், மூக்கொலி கேட்டால்தான் அது பேசுபவரின் குணம்.

'தழுதழுப்பு' பற்றி எனக்குப் பொறுமை குறைவு. சுருதி ஒரே சீராக நொடிக்கு ஐந்தாறு முறை அசைந்தால் அது பாடகரின் அசைவு. பேச்சில் அது வேஷம் போல ஒலிக்கும். உண்மையான தழுதழுப்பு ஒழுங்கில்லாதது. ஓர் உயிரொலியில் வரும், அடுத்ததில் வராது, உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் தொண்டை ஒரு கணம் அடைக்கும். பதிவு முழுக்க ஒரே அளவில் தழுதழுத்தால் அதை நடிப்புக் கணக்கில் எழுதுங்கள்; நல்ல நடிப்பா என்பது வேறு கேள்வி.

ழகரத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாக்கு வளைந்து ழ ஒலிக்கும்போது மூன்றாம் ஃபார்மன்ட் கீழிறங்கி இரண்டாவதை நெருங்குகிறது. காது ழ என்று அறிவதற்கு அந்த இறக்கம் பெரிய அடையாளம். அது நடக்கும் பகுதியில்தான் கிட்டாரும் கீபோர்டும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். அதனால் சரியாகச் சொன்ன 'மழை'கூட இசைக்குள் 'மளை'யாகக் கேட்கலாம். உச்சரிப்பைக் குறை சொல்லும் முன் இசை இல்லாத இடத்தில் அதே எழுத்தை அவர் எப்படிச் சொல்கிறார் என்று தேடுங்கள். உரைகல்லை ஒதுக்கி வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

ஒலியளவைப் பற்றிச் சுருக்கமாக. மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச்சீரமைப்பு முடிந்த பதிவில் டெசிபல் அளந்து 'இங்கே உரக்கப் பேசுகிறார்' என்று சொல்வது வீண். ஒலியளவைச் சமப்படுத்தும் கம்ப்ரசர் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு நறுக்கியிருக்கும். அப்போதும் தொண்டை கொடுத்த அழுத்தம் அழிவதில்லை. உரக்கப் பேசினால் மேல் ஒலிகளின் பங்கு கூடும், வாய் அகன்று முதல் ஃபார்மன்ட் ஏறும், சுருதியும் ஏறும். கிசுகிசுப்பை எவ்வளவு பெருக்கினாலும் இவை வராது. அதிகாரம் நிறைந்த குரல் என்று தோன்றினால் குரலை விட்டுவிட்டு, நீட்டி ஒலிக்கும் பின்னணிச் சுரத்தைக் கவனியுங்கள். குரல் வரும்போதெல்லாம் அது இரண்டு மூன்று டெசிபல் பதுங்குகிறதா? சைட்செயின் வேலை அது. குரல் வந்ததும் இசை வழிவிடுவது போல் வைத்தால் யாருக்கும் அதிகாரம் வந்துவிடும்.

ஜிட்டர் (சுருதியின் நுண்நடுக்கம்), ஷிம்மர் (ஒலியளவின் நுண்நடுக்கம்) என்ற எண்களைச் சிலர் கட்டுரையில் தூவுகிறார்கள். அவை ஒரே 'ஆ'வைச் சில நொடி சமமாகப் பிடித்துச் சொல்லி அளக்கும் மருத்துவ அளவுகள். ஓடும் பேச்சில் சுருதி தானாகவே நொடிக்கு நொடி மாறுவதால் அங்கே அவற்றுக்குப் பொருளில்லை. ஓடும் பேச்சுக்கு ஓர் எண் வேண்டுமென்றால் குரலின் அதிர்வு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று காட்டும் செப்ஸ்ட்ரல் முகட்டு அளவை எடுங்கள். அதையும் குரல் மட்டும் உள்ள பதிவில்தான்.

வெட்டு, ஒட்டுத் தடயங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நொடி நீண்ட வரிக்குப் பின் மூச்சே இல்லாமல் அடுத்த வரி தொடங்கினால் மூச்சை வெட்டியிருக்கிறார்கள். 'அபார மூச்சுப் பிடிப்பு' என்று எழுதிவிடாதீர்கள். எல்லா உயிரும் அடிக்கு ஐந்து மில்லிநொடிக்குள் விழுந்தால் மென்பொருளின் தாளக் கட்டத்தில் இழுத்து வைத்திருக்கிறார்கள். 'க்', 'ட்' இரண்டு முறை தட்டுவது போல் கேட்டால் ஒரே வரியை இருமுறை பதிந்து மேலே மேலே வைத்திருக்கிறார்கள். அந்தத் தடிமனில் குரலின் தன்மை பற்றி எதுவும் சொல்ல முடியாது.

எழுதும்போது

அடைமொழி வேண்டாம் என்று சொல்லவில்லை. அடைமொழியை முதலில் எழுதுங்கள், பிறகு அதற்குக் காரணத்தையும் காரணகர்த்தாவையும் சேருங்கள். 'கனத்த, நெருக்கமான குரல்' என்பதோடு நின்றால் யாருக்கும் பயனில்லை. 'சுருதி நடு எண் 140 ஹெர்ட்ஸ், அப்படியொன்றும் தாழ்ந்ததல்ல. கனம் மைக் நெருக்கத்தால் வருகிறது. இரண்டாம் பகுதியில் தலை விலகியதும் வடிகிறது. ஆனால் வரி முடிவுகளில் தளர்ந்து கரகரக்கும் அந்த நெருக்கம் அவருடையதே' என்று எழுதினால் பேசியவருக்கும் புரியும், பதிவு செய்தவருக்கும் புரியும்.

கடைசியாக, ஒதுக்கி வைத்த அந்தப் பத்து நொடி. பல பதிவுகளில் இசை நின்ற பிறகு ஒரு வரி தனியாக வரும். அதன் சுருதியை, அதற்கு முந்தைய, இசை உச்சத்தில் இருந்த நாலைந்து வரிகளோடு ஒப்பிடுங்கள். இரைச்சல் காதில் விழும்போது மனிதர்கள் தம்மை அறியாமல் குரலை உயர்த்திவிடுகிறார்கள் என்பதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார் 1911-இலேயே விவரித்தார். சுருதி ஏறும், உயிரொலி நீளும், குரல் கூர்மையாகும். ஹெட்போனில் இசையைப் பெருக்கி வைத்துப் பேசச் சொன்னாலும் இதேதான் நடக்கும். இசை நின்றதும் குரல் இரண்டு மூன்று அரைச்சுரம் இறங்கி, தரை பழைய தரையாகவே இருந்து, இறுக்கம் மட்டும் போயிருந்தால், நடுப்பகுதியில் நீங்கள் 'ஆவேசம்' என்று குறித்து வைத்ததில் ஒரு பங்கு ஹெட்போனின் ஒலியளவு. குறிப்புத் தாளில் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், அந்தச் சொல்லுக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போடுங்கள். இசை நின்ற பிறகும் சுருதி இறங்காமல், கூர்மை குறையாமல் இருந்தால் கேள்விக்குறி வேண்டாம். அது தொண்டையிலிருந்துதான் வந்திருக்கிறது.